மரைன் டேங்க்கில் குமிழியும் நீர்மட்டமும்: பம்ப்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைத்த புதிதில் வருகிற புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி சுற்றுகிறது. இன்னொன்று, கீழே இருக்கும் சம்ப் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, காரணம் புரியவில்லை. கடைக்குப் போன் போட்டால் “பம்ப்பை மாத்திப் பாருங்க” என்பார்கள். பம்ப் விலை உங்களுக்கே தெரியும். நான் பார்த்த வரையில் பம்ப்பே கெட்டுப்போய் இந்தத் தொல்லை வருவது அபூர்வம். குமிழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் நீர்மட்டம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் முதலில் ஒரு ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் அப்புறம்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பம்ப்பையோ ஹீட்டரையோ தொடுவதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். அப்போதுதான் ஒயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மீன் வாங்குவதற்கு முன் அதைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் சுற்றும் வழி

சம்ப் என்று இங்கே சொல்வது தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டியை. மேல் தொட்டியின் ஓவர்ஃப்ளோ சீப்பு (தண்ணீர் வழிவதற்காகப் பல் பல்லாக வெட்டிய விளிம்பு) வழியாகத் தண்ணீர் வழிந்து, ட்ரெய்ன் பைப்பில் இறங்கி, சம்ப்பின் முதல் அறைக்கு வருகிறது. அங்கே அழுக்கை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸ், அடுத்து பொடிக் குமிழியால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், பிறகு மேலும் கீழுமாக வைத்த கண்ணாடித் தடுப்புகள், கடைசியில் ரிட்டர்ன் அறை. ரிட்டர்ன் பம்ப் அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுகிறது.

இதில் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. மேல் தொட்டியின் மட்டத்தை ஓவர்ஃப்ளோ சீப்பின் உயரம் தீர்மானிக்கிறது. ஸ்கிம்மர் அறையின் மட்டத்தை அதற்கு அடுத்த தடுப்பின் உயரம் தீர்மானிக்கிறது. இரண்டும் அசையாது. எந்தத் தடுப்பும் கட்டுப்படுத்தாத ஒரே இடம் ரிட்டர்ன் அறை. மொத்த அமைப்பில் தண்ணீர் எங்கே குறைந்தாலும் கூடினாலும் அது அங்கேதான் தெரியும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 90 × 45 செ.மீ. அளவுள்ள மூன்றடித் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது சுமார் 4 லிட்டர். 20 × 30 செ.மீ. ரிட்டர்ன் அறையில் அதே ஒரு செ.மீ. வெறும் 600 மில்லி. ஒரு நாளில் 3 லிட்டர் ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டி மட்டுமே இருந்தால் முக்கால் செ.மீ.தான் இறங்கும், கண்ணுக்கே தெரியாது. ரிட்டர்ன் அறையிலோ 5 செ.மீ. இறங்கிவிடும். “ஒரே நாள்ல இவ்ளோ தண்ணி குறையுதே, தொட்டி ஒழுகுதோ” என்று பயப்படுகிறவர்களில் பலர் பார்ப்பது இதைத்தான்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில், ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டும் தண்ணீரை (டாப்-அப்) ஊற்றிய கையோடு, ரிட்டர்ன் அறைக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இது ஓடும் மட்டம். பம்ப்பின் வாயிலிருந்து பத்து செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் அது இருக்கட்டும். இனிமேல் எல்லாச் சோதனைக்கும் இந்தக் கோடுதான் அளவுகோல்.

குமிழி: ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்

நன்னீர்த் தொட்டியில் ஏர் ஸ்டோன் விடும் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, சட்டென்று மேலே போய் உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் அப்படிச் சேருவதில்லை. கரைந்திருக்கும் உப்பு அதைத் தடுக்கிறது. பொடிக் குமிழி பொடியாகவே இருந்து நீரோட்டத்தோடு வெகுநேரம் சுற்றும். ஸ்கிம்மர் மரைன் தொட்டியில் வேலை செய்வதும் நன்னீரில் சொதப்புவதும் இதனால்தான். ஆக, கொஞ்சம் காற்று எங்கோ உள்ளே போனாலும் தொட்டி முழுக்கத் தெரியும். எப்போதாவது கொஞ்சம் குமிழி வந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் பவளங்கள் சுருங்கிக்கொள்ளும், பார்க்கவும் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், உடைகிற குமிழி தெறித்து மூடியிலும் லைட்டிலும் உப்புப் படியும்.

முதல் படி, உண்மையிலேயே இது காற்றுக் குமிழிதானா என்று பாருங்கள். லைட் எரியும்போது மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு, இரவில் காணாமல் போகிற குமிழி பாசி வெளிவிடும் ஆக்சிஜன். பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ வழுவழு படலம் படர்ந்து அதன் மேல் குமிழி கோத்திருந்தால் அது வேறு பிரச்சினை, பம்ப்புக்குச் சம்பந்தமில்லை. புதிதாகத் தண்ணீர் நிரப்பிய தொட்டியின் கண்ணாடியில் ஒட்டும் குமிழியும் அப்படித்தான்: குளிர்ந்த தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது. தண்ணீர் மாற்றிய பின் சில மணி நேரம் தெரிகிற குமிழியையும் கண்டுகொள்ள வேண்டாம்.

இரண்டாவது, ரிட்டர்ன் அறையின் மட்டம். கோட்டுக்குக் கீழே இருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். மட்டம் இறங்கும்போது பம்ப்பின் வாய்க்கு மேலே தண்ணீர் சுழித்து ஒரு குழி விழும், அதன் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். இளநீர் தீரப்போகும்போது ஸ்ட்ராவில் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் சம்ப்பிலிருந்து கேட்கும். பம்ப் சக்கரம் அந்தக் காற்றைப் பொடிப்பொடியாக அரைத்து மேலே அனுப்பிவிடும். சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரைக் கோடு வரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பெரும்பாலான வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும். மட்டம் சரியாக இருந்தும் சுழி விழுகிறதென்றால் பம்ப்பைத் தரையோடு தரையாக இறக்கி வையுங்கள், அல்லது வாயில் ஒரு ஸ்ட்ரெய்னர் மாட்டுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள டிசி பம்ப் என்றால் ஒரு படி குறைத்தாலே போதும்.

மூன்றாவது ஸ்கிம்மர். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. மேலே குமிழி தெளிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். புது ஸ்கிம்மர் என்றால் பொறுமைதான் மருந்து. உள்ளே ஒரு வழவழப்பான படலம் படிந்து அது பழகுவதற்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும், அதுவரை கன்னாபின்னாவென்று குமிழி விடும். பழைய ஸ்கிம்மர் திடீரென்று அடம்பிடித்தால் சமீபத்தில் என்ன ஊற்றினீர்கள், என்ன ஒட்டினீர்கள் என்று யோசியுங்கள். பவளம் ஒட்டும் எபாக்ஸி, சில மருந்துகள், தண்ணீர்க் கண்டிஷனர், எண்ணெய்ப் பசை உள்ள உறைந்த தீனி, எல்லாமே நுரையைக் கிளப்பிவிடும். இது எதுவும் இல்லையென்றால் ஸ்கிம்மர் நிற்கிற தண்ணீரின் ஆழத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். எந்த ஆழத்தில் வைக்க வேண்டும் என்று அதன் பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். ஆழம் அதிகமானால் நுரை சேரும் கப் வழிந்து கொட்டும், குறைந்தால் நுரையே ஏறாது. தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால் அடியில் ஒரு துண்டு அக்ரிலிக்கையோ முட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் கட்டத்தையோ வைத்து உயர்த்துங்கள்.

நான்காவது, ட்ரெய்ன் பைப் விழும் இடம். பைப்பின் முனை தண்ணீருக்கு மேலே நின்று அருவியாகக் கொட்டினால் குமிழி வராமல் என்ன செய்யும்? முனை இரண்டு மூன்று செ.மீ. தண்ணீருக்குள் மூழ்கட்டும். ரொம்ப ஆழமாகவும் மூழ்கக் கூடாது. பைப்புக்குள் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் விட்டுவிட்டு ‘குபுக் குபுக்’ என்று தள்ளும். ஃபில்டர் சாக்ஸைப் பாருங்கள். அடைத்துக்கொண்டு மேலே வழிகிற சாக்ஸ் குமிழியைப் பிடிக்காது, உண்டாக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. நிறைய பேர் ரெண்டு வாரம் விட்டுவிடுகிறார்கள்.

தடுப்புகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். அவற்றுக்கு இடையே சுமார் இரண்டரை செ.மீ. இடைவெளி விடுவது வழக்கம். அதில் தண்ணீர் நிதானமாகப் போனால்தான் குமிழி மேலே தப்பிப் போகும். பம்ப் அதிக வேகத்தில் தள்ளினால் இடைவெளியில் ஓட்டமும் வேகமாகி, குமிழியையும் சேர்த்து இழுத்துப் போய்விடும். “பெரிய பம்ப் நல்லது” என்று வாங்கி மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை கட்டாயம் வரும். மேல் தொட்டிக்குள் ஓட்டம் வேண்டுமென்றால் அதற்கு வேவ்மேக்கர் இருக்கிறது, ரிட்டர்ன் பம்ப்பை அதற்காக விரட்ட வேண்டாம். தற்காலிகமாகத் தடுப்புகளுக்கு நடுவே ஒரு கரடுமுரடான ஸ்பாஞ்ச் செருகலாம், ஆனால் வாரம் ஒருமுறை அலசாவிட்டால் அதில் அழுக்குச் சேர்ந்து நைட்ரேட் ஏறும்.

ஐந்தாவதுதான் சிக்கலானது: பைப் ஜாயின்ட். பம்ப்புக்கு மேலே உள்ள பைப்பில் தண்ணீர் அழுத்தத்தோடு போகிறது, அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓட்டம் வேகமெடுக்கிற குறுகலான இடத்தில், குறிப்பாகத் தொட்டிக்குள் வந்து விழும் நாசில் துண்டுகளின் பொருத்தத்தில், ஓட்டமே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். ஒரு சொட்டும் கசியாது, குமிழி மட்டும் வரும். பம்ப்பைச் சம்ப்புக்கு வெளியே வைத்து ஓட்டுகிறவர்கள் அதன் உறிஞ்சும் பக்கத்து ஜாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி: தண்ணீருக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு பொருத்தத்திலும் விரலால் கொஞ்சம் வாஸலின் தடவி, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் காத்திருங்கள். எதில் தடவியதும் குமிழி நிற்கிறதோ அதுதான். அதைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள், அல்லது அந்தப் பொருத்தம் தண்ணீருக்குள் இருக்கும்படி நாசிலை இறக்குங்கள்.

கடைசியாக வேவ்மேக்கர். தண்ணீரின் மேல்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் அதுவும் சுழி போட்டுக் காற்றை இழுக்கும். ஒரு ஐந்து செ.மீ. கீழே இறக்கினாலே போதும்.

மட்டம் சொல்லும் சேதி

சம்ப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரிட்டர்ன் அறை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, மேலே மாற்றமில்லை: ஆவியாகிறது, அவ்வளவுதான். கத்திரி வெயிலில் சூடு குறைய ஃபேன் போட்டால் இன்னும் வேகமாக இறங்கும், ஐப்பசி மழையில் ஈரக்காற்று இருக்கும்போது ஆவியாவது குறையும். ஏசி அறையில் மறுபடி கூடும்.

ரிட்டர்ன் அறை சில நிமிடங்களில் மளமளவென்று இறங்குகிறது, மேல் தொட்டி ஏறுகிறது: இது அவசரம். ட்ரெய்ன் வழி அடைத்துக்கொண்டது. உடனே ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்துங்கள், அப்புறம் தேடுங்கள். சீப்பில் பாசித் துணுக்கு, பைப்புக்குள் நுழைந்த நத்தை, பைப் தலையில் காற்றுக்காக விட்ட சின்னத் துளையை மூடிய உப்பு, இவைதான் வழக்கமான காரணங்கள். டர்போ நத்தைக்கு ட்ரெய்ன் பைப் மேல் தனி ஆசை. ஒரு வலைத் தொப்பி போட்டுவிடுங்கள். இந்த நிலையில் பலர் செய்வது, ரிட்டர்ன் அறை காலியாகிறதே என்று அதில் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றியது அத்தனையும் மேலே போய்த் தரையில் கொட்டும்.

ரிட்டர்ன் அறை ஏறுகிறது, மேல் தொட்டியில் சீப்பு வழியே வழிவது குறைந்திருக்கிறது: பம்ப் தளர்ந்திருக்கிறது. சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

ரிட்டர்ன் அறை ஏறுகிறது, மேலே எப்போதும் போல வழிகிறது: எங்கிருந்தோ தண்ணீர் கூடுகிறது. தானியங்கி டாப்-அப் சிக்கிக்கொண்டிருக்கலாம். உப்பு அளவை உடனே சோதியுங்கள்.

இரண்டு இடத்திலும் விளக்கம் கிடைக்காமல் குறைகிறது, ஸ்டாண்டின் மரம் ஈரமாக இருக்கிறது: அது கசிவுதான். உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை அகப்படும்.

கரண்ட் போனால்

இதைக் கரண்ட் போகும்வரை தள்ளிப் போடாதீர்கள். தொட்டி ஓடும்போதே நீங்களே ஒருமுறை ரிட்டர்ன் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பம்ப் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் ரிட்டர்ன் பைப் வழியாகவே திரும்பிக் கீழே இறங்கும். நாசிலின் வாய் காற்றில் தெரியும்வரை நிற்காது. நாசில் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் நாம் பார்த்த மூன்றடித் தொட்டியில் 12 லிட்டர். 60 × 30 செ.மீ. சம்ப்பில் அது கிட்டத்தட்ட 7 செ.மீ. ஏற்றம். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் இருப்பது இதற்கு மேலே. சம்ப்பில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். எல்லாம் இறங்கி அடங்கியதும் நிற்கும் மட்டத்தில் இரண்டாவது கோடு போடுங்கள். அதற்கும் சம்ப்பின் விளிம்புக்கும் நடுவே சில செ.மீ. மிச்சம் இல்லையென்றால் ஓடும் மட்டத்தைக் குறையுங்கள், அல்லது நாசிலை மேலே தூக்குங்கள்.

ரிட்டர்ன் பைப்பில், தண்ணீர்ப் பரப்புக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. அளவில் ஒரு துளை போடுவார்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்றை இழுத்து சைஃபன் (பைப் வழியே தண்ணீர் தானாகக் கீழே இழுபடுவது) உடைந்துவிடும். நல்ல ஏற்பாடு, ஆனால் பாசியும் உப்பும் அதை மூடிவிடும், மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். “நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாச்சு, கவலையில்லை” என்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு சின்ன நத்தை ஓடு சிக்கினால் அந்த வால்வு மூடாது.

டாப்-அப்

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. மொத்தம் 180 லிட்டர் ஓடும் அமைப்பில் மூன்று நாள் ஊற்றாமல் 9 லிட்டர் போனால் 35 பிபிடியாக (ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம்) இருந்த உப்பு 36.8 ஆகிவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று 9 லிட்டரையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். நாளெல்லாம் பிரித்து ஊற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கோடு வரை ஊற்றும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது. உப்பைச் சோதிக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 பிபிடி திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒப்படர்த்தியாகப் பார்ப்பவர்களுக்கு 1.025, 1.026 பக்கம் நிற்க வேண்டும்.

சமையலறை ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை அப்படியே நம்ப வேண்டாம். குடிநீர் ருசிக்காகப் பல மெஷின்களில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ மினரலையோ கலந்து விடுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள், 60, 80 என்று காட்டினால் அது தொட்டிக்கு ஆகாது. கடைசியில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் ஒன்று சேர்த்தால் பூஜ்யம் வரும், அந்தத் தண்ணீர்தான் வேண்டும்.

தானியங்கி டாப்-அப் மாட்டினால் இரண்டு இடத்தில் கவனம். சென்சாரை ரிட்டர்ன் அறையில் மட்டும் வையுங்கள். மற்ற அறைகளின் மட்டம் மாறாது என்று ஏற்கனவே பார்த்தோம். அதன் டியூப் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, டாப்-அப் வாளியும் சம்ப்பை விட உயரத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் சைஃபனில் வாளி முழுக்கக் காலியாகும். அப்புறம் வாளியின் அளவு. 20 லிட்டர் வாளி மொத்தமும் கொட்டினால் நம் 180 லிட்டர் தொட்டியின் உப்பு 31.5-க்கு இறங்கும், சம்ப்பும் வழியும். சென்சார் ஒருநாள் சிக்கும் என்றே வைத்துக்கொண்டு, முழுதும் கொட்டினாலும் தாங்குகிற அளவு வாளி வையுங்கள்.

சம்ப் இல்லாத சின்னத் தொட்டிகள்

பின்பக்கம் அறைகள் கொண்ட ஆல்-இன்-ஒன் தொட்டியில் மேலே சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும், கடைசி அறைதான் ரிட்டர்ன் அறை. அது மிகச் சின்னது என்பதால் ஒரே நாளில் காற்று இழுக்க ஆரம்பிக்கும். பின்னால் தொங்கவிடும் ஃபில்டரில் மட்டம் இறங்க இறங்க அருவியின் உயரம் கூடிக் குமிழி வரும், அதற்கும் டாப்-அப்தான் மருந்து. ஏர் பம்ப் வைத்திருந்தால் அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, குழாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு கட்டாயம். கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

பம்ப்பைக் கழற்றுவது

இத்தனையும் பார்த்த பிறகும் ஓட்டம் தளர்வாகவே இருக்கிறது, அல்லது கடகட சத்தம் வருகிறது என்றால் இப்போது ஸ்பேனர் எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பம்ப்பின் முன்மூடியைத் திறந்து, காந்தத்தோடு வரும் இம்பெல்லரை (பம்ப் சக்கரம்) வெளியே இழுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், பவளப்பாசி பிடித்த பம்ப்பில் ஊதா நிறத்தில். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். இம்பெல்லர் சுற்றும் குழியின் அடியில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் சத்தம் வரும், அங்கே விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். தண்டு செராமிக் என்றால் ஜாக்கிரதை, கை தவறினால் உடைந்துவிடும்.

மறுபடி மாட்டி ஓட்டியதும் முதல் சில நிமிடம் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுத்தம் போதும். அதற்கும் அசையாத பம்ப் என்றால் முழுசாகப் புதிது வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்கு இம்பெல்லர் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பல மாடல்களுக்குக் கிடைக்கும், விலையும் குறைவு.